60,000 அடி உயரத்தில் பலூனுக்கு நெட் கொடுத்தது யார்?

30.12.2023, வாசகர் கேள்வி

"அண்ணே, பிப்ரவரியில் அமெரிக்கா சுட்டு வீழ்த்திய சீனப் பலூன், ஒரு அமெரிக்க இன்டர்நெட் கம்பெனியின் நெட்டை எடுத்துத்தான் சீனாவோடு பேசியது என்று செய்தி வந்திருக்கிறது. 60,000 அடிக்கு மேல் டவர் சிக்னல் எப்படிப் போகும்? என் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே நின்றால்கூட எடுக்க மாட்டேன் என்கிறது. கம்பெனி தெரிந்தே கொடுத்ததா? நீங்கள் டவர் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்."

30.12.2023, இரவு

டவர் சிக்னல் இல்லை தம்பி. அது சாட்டிலைட் நெட்டாகத்தான் இருக்கும். பதினோரு வருடம் டவர் வேலை பார்த்திருக்கிறேன். டவரில் மாட்டும் ஆன்டெனா வானத்தைப் பார்க்காது, ஊரைப் பார்க்கும். அதை நாலு டிகிரி, ஆறு டிகிரி என்று கீழே சாய்த்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. மேலே போகிற சிக்னல் வீண்.

கதை மறந்தவர்களுக்காக: அந்தப் பலூன் 2023 ஜனவரி 28 அன்று அலாஸ்காவுக்கு மேலே நுழைந்தது. கனடா வழியாக இறங்கி 31ஆம் தேதி ஐடஹோவில் மறுபடி அமெரிக்காவுக்குள் வந்தது. பிப்ரவரி 1 அன்று மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரத்து மக்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். அதே மொன்டானாவில்தான் மால்ம்ஸ்ட்ராம் விமானப்படைத் தளம் இருக்கிறது. அணு ஏவுகணைகள் நிலத்தடிக் குழிகளில் நிற்கும் இடம். பிப்ரவரி 4 அன்று தெற்கு கரோலினாவில் மர்ட்டில் பீச்சுக்கு வெளியே, கடலுக்கு மேலே வைத்து எஃப்-22 விமானம் ஒரே ஒரு சைடுவைண்டர் ஏவுகணையால் அடித்தது. பலூன் 200 அடி உயரம். கீழே தொங்கிய சுமையே ஒரு சிறு பயணிகள் விமானத்தின் அளவு. வழி தவறிய வானிலைப் பலூன் என்றது சீனா. அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் பெய்ஜிங் பயணத்தைத் தள்ளி வைத்தார்.

இப்போது வந்திருப்பது அமெரிக்க டிவி நிறுவனமான என்பிசியின் செய்தி. நெட் கொடுத்த கம்பெனியின் பெயரை அது சொல்லவில்லை. அந்தக் கம்பெனி, தானே விசாரித்துப் பார்த்ததாகவும் அதிகாரிகளோடு பேசியதாகவும் சொல்லி, தன் நெட்டைப் பலூன் பயன்படுத்தவில்லை என்று மறுக்கிறது.

31.12.2023, காலை

ஆன்டெனாவை ஏன் சாய்க்கிறோம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாய்க்காவிட்டால் அந்த டவரின் சிக்னல் பத்து ஊர் தாண்டிப் போய் அங்கே இருக்கும் டவர்களின் வேலையைக் கெடுக்கும். ஒவ்வொரு டவருக்கும் தன் எல்லைக்குள் மட்டும் பேசத் தெரிய வேண்டும். வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிற மாதிரி. மடையைத் திறந்து விட்டால் பக்கத்து வயலும் மூழ்கும்.

31.12.2023, மாலை

"அப்படியென்றால் ஏற்காட்டில் சேலத்து டவர் எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு சேலத்துக்காரர். சரியான கேள்வி. புத்தாண்டு வேலை கிடக்கிறது, பிறகு வருகிறேன்.

02.01.2024

முதல் பதிவில் "டவர் சிக்னல் இல்லை" என்று அடித்துச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஏற்காட்டுக் கேள்வி இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

டிரைவ் டெஸ்ட் என்று ஒரு வேலை உண்டு. காரில் லேப்டாப், நாலு போன், மேலே ஒரு ஜிபிஎஸ். தெருத் தெருவாகப் போய் எங்கே எந்த டவர் கிடைக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். ஒரு முறை ஏற்காட்டு மலைப்பாதையில் அதைச் செய்தோம். கீழே அஸ்தம்பட்டியில் போனுக்கு நாலைந்து டவர்கள் தெரிந்தன. கொண்டை ஊசி வளைவு ஏற ஏற அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. மேலே பார்வை முனையில் நின்றபோது லேப்டாப் திரையில் வரிசை கீழே வரை நிரம்பி விட்டது. சேலம் நகரத்து டவர்கள், அதற்கும் அப்பால் யாரும் எதிர்பார்க்காத ஊர்களின் டவர்கள். சிக்னல் முழுக் கோடு. ஆனால் ஒரு படம் இறங்கவில்லை. எல்லா டவரும் ஒரே சத்தத்தில் ஒரே நேரத்தில் பேசினால் போன் யார் சொல்வதைக் கேட்கும்? இந்த டவருக்குத் தாவும், உடனே அதற்குத் தாவும், மறுபடி இதற்கு வரும். சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் "சிக்னல் இருக்கு, நெட் வரலை" என்று எங்களிடம்தான் சண்டைக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்த கம்பெனி அந்தப் புகாரை மூன்று வருடம் கிடப்பில் போட்டது. கடைசியில் மலை மேலேயே ஒரு டவர் போட்ட பிறகுதான் அது தீர்ந்தது.

இதில் எனக்கு என்ன உறைத்தது என்றால், மேலே போகப் போகச் சிக்னல் குறையவில்லை, கூடியது. நடுவில் மறைக்கக் கட்டடம் இல்லை, மரம் இல்லை. ஆன்டெனாவைக் கீழே சாய்த்தாலும் அதன் ஓரங்களில் கசிகிற சிக்னல் போதும். தம்பி வீட்டு மாடிப்படிக்குக் கீழே எடுக்காததற்குக் காரணம் தூரம் இல்லை, கான்கிரீட். 18 கிலோமீட்டர் வெற்று வெளியைவிட இரண்டு கான்கிரீட் தளம் கெட்டி.

ஆக, பலூனில் இருந்து கீழே இருக்கும் டவரோடு பேசுவது நடக்காத காரியம் இல்லை. சுமாரான வேகம், அடிக்கடி அறுந்து போகும் இணைப்பு. ஆனால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்ப அது போதும்.

02.01.2024, இரவு

கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த உயரத்தில் இருந்து அடிவானம் சுமார் 150 கிலோமீட்டர் தூரம் வரை தெரியும். அவ்வளவு வட்டத்துக்குள் இருக்கும் டவர் எல்லாம் பலூன் கண்ணுக்குப் படும்.

03.01.2024

மேலே சொன்ன 150 தவறு. ஒரு வாசகர் பிடித்தார், நன்றி. 18,000 மீட்டர் போட வேண்டிய இடத்தில் 1,800 போட்டு விட்டேன். ஒரு சைபர். சரியான விடை சுமார் 480 கிலோமீட்டர். சென்னைக்கு நேர் மேலே நின்றால் பெங்களூரும் தெரியும், மதுரையும் தெரியும். வட்டத்தின் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அந்த வட்டத்துக்குள் எத்தனை ஆயிரம் டவர்! ஏற்காட்டுக் கூச்சல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எல்டிஇ, அதாவது 4ஜி டவரால் அதிகபட்சம் 100 கிலோமீட்டர் சுற்றில் இருக்கும் போனோடுதான் பேச முடியும். அதனால் ஓரத்தில் இருப்பவை கழிந்து விடும். மொன்டானா போன்ற காலி நிலத்தில் டவர் குறைவு, கூச்சலும் குறைவு. அங்கே பேசுவது இன்னும் எளிது.

இதைத் தேடும்போது ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு 1991இல் இருந்தே ஒரு விதி உண்டு. விமானத்தில், பலூனில், வேறு எந்தப் பறக்கும் கலத்தில் செல்போன் கொண்டு போனாலும் தரையை விட்டு எழும்பிய பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது. "பலூன்" என்ற சொல்லே விதியில் இருக்கிறது. காரணம் ஒற்று வேலை இல்லை, நான் மேலே சொன்ன அதே கூச்சல்தான். ஒரு போன் மேலே ஏறினால் நூறு டவரின் காதில் விழுகிறது.

05.01.2024

எனக்கு இன்னொரு விஷயம் இடிக்கிறது. ஜூன் மாதம் பென்டகன் செய்தித் தொடர்பாளர் ரைடர், பலூன் அமெரிக்காவுக்கு மேலே போகும்போது தகவல் சேகரிக்கவில்லை என்றார். செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டுப்படைத் தளபதிகளின் தலைவராக இருந்த மில்லி, உளவு எதையும் சேகரித்துச் சீனாவுக்கு அனுப்பவில்லை என்று உறுதியாகச் சொன்னார். இப்போது அது நெட் வழியாகச் சீனாவோடு பேசியது என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

05.01.2024, சற்று நேரம் கழித்து

செய்தியை மறுபடி வரி வரியாகப் படித்தேன். உளவை அனுப்பவில்லை என்றதோடு முரண் இல்லை. ரைடரின் "சேகரிக்கவில்லை" மட்டும்தான் இடிக்கிறது. நெட் இணைப்பு முக்கியமாக வழிகாட்டலுக்கும் இருப்பிடம் சொல்வதற்கும்தான். சேகரித்த படமும் மற்றவையும் பலூனிலேயே சேமிப்பில் இருந்தன, பிறகு எடுத்துக்கொள்வதற்காக. தொடர்ச்சியாகப் பேசவில்லை. வெடிப்பு வெடிப்பாக, கொஞ்ச நேரத்தில் நிறைய அனுப்பி விட்டு அமைதியாகி விடும்.

வாயை மூடிக்கொண்டிருப்பவனைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் அப்படி வடிவமைக்கிறார்கள். ஆனால் பலூனுக்கு முழு மௌனம் சாத்தியம் இல்லை. அதற்கு எஞ்சின் பலம் குறைவு, காற்றுதான் வண்டி. எந்த உயரத்தில் எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று பார்த்து ஏற வேண்டும், இறங்க வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று வீட்டில் இருப்பவனுக்குத் தெரிந்தால்தான் அடுத்த கட்டளை போகும். அந்த ஒரு வரிக்காகத்தான் அது வாயைத் திறந்தாக வேண்டும்.

06.01.2024

அந்த ஒரு வரி எவ்வளவு சின்னது என்று சொல்கிறேன். உதாரணத்துக்கு இரிடியம் சாட்டிலைட் சேவை. அந்தப் பலூன் இதைத்தான் பயன்படுத்தியது என்று நான் சொல்லவில்லை, அளவு புரிவதற்காக மட்டும். 66 சாட்டிலைட்கள், 780 கிலோமீட்டர் உயரம், அமெரிக்கக் கம்பெனி. அதில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி, ஒரு முறைக்கு 340 பைட் அனுப்பும். தமிழில் தட்டச்சு செய்தால் ஓரிரு வரிதான். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், பேட்டரி, வெப்பம் எல்லாம் சேர்த்தாலும் 50 பைட்டுக்கு மேல் போகாது. கடல் மிதவையும், மலையேறுகிறவனும், கப்பல் பெட்டியும் அதே சேவையில் அதே மாதிரி 50 பைட் அனுப்பிக்கொண்டிருக்கும். இதில் எது உளவு பலூன் என்று கம்பெனி எப்படிக் கண்டுபிடிக்கும்?

டவர் வழி என்றாலும் இதே கதைதான். நம் ஊரில் 13 இலக்க எண்ணோடு சிம் வருகிறதே, மனிதன் பேசாமல் இயந்திரம் பேசுகிற சிம். லாரியில் இருக்கும் ஜிபிஎஸ், ஏடிஎம் இயந்திரம், ஸ்மார்ட் மீட்டர் எல்லாவற்றிலும் அதுதான். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு டவரில் விடாமல் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை குட்டியாக ஏதோ அனுப்பிக்கொண்டிருந்த சிம் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு நாள் துப்பறிந்தோம். கடைசியில் அது ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் வெப்பமானி.

அதனால் "கம்பெனி தெரிந்தே கொடுத்ததா" என்ற கேள்விக்கு என் பதில்: தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. பணம் கட்டிய கணக்கு, சரியான கருவி எண், சின்னச் சின்ன டேட்டா. நெட்வொர்க்கின் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். கம்பெனி மறுப்பதை நான் பொய் என்று நினைக்கவில்லை. அதன் பதிவேட்டில் "பலூன்" என்று எழுதியிருக்காது.

09.01.2024

எல்லோரும் நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது செய்தியில் இருக்கும் வேறு ஒரு வரி. அமெரிக்க அரசு, வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றத்திடம் போய்ப் பலூனின் பேச்சை ஒட்டுக் கேட்க ரகசிய உத்தரவு கேட்டிருக்கிறது. 1978 சட்டத்தின் கீழ் வந்த நீதிமன்றம் அது. கதவை மூடிக்கொண்டு நடக்கும். என்ன தீர்ப்பு என்பது வெளியே வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். உத்தரவு கிடைத்திருந்தால், பலூன் தன் தலைமையிடத்தோடு பேசிய ஒவ்வொரு வரியும் அமெரிக்கா கையில். எதிரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் போனில் பேசுகிற மாதிரி. செலவு மிச்சம், ஆனால் அவன் காது பக்கத்திலேயே இருக்கிறது. சொந்த சாட்டிலைட்டோடு பேசியிருந்தால் இப்படி ஒரு உத்தரவால் பிடிக்க முடியாது.

மும்பை 26/11 நினைவுக்கு வருகிறது. தாக்கியவர்களுக்கு எல்லைக்கு அப்பால் இருந்து கட்டளை வந்துகொண்டே இருந்தது. அவர்கள் கையில் இருந்த மொபைல் இங்கே இருக்கும் நெட்வொர்க்கில் ஓடியது. அதனால்தான் போலீஸ் அந்தப் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்ய முடிந்தது. பிறகு உலகமே அந்தக் குரல்களைக் கேட்டது. அன்று இரவு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது எவ்வளவு கனமான விஷயம் என்று தெரியும். நெட்வொர்க் இருபுறமும் வெட்டும் என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று வேண்டாம்.

14.01.2024

"நம் தலைக்கு மேலே இப்படி எதுவும் வந்ததா" என்று மூன்று பேர் கேட்டு விட்டார்கள். வந்தது. 2022 ஜனவரியில் அந்தமானின் போர்ட் பிளேருக்கு மேலே ஒரு வெள்ளை உருண்டை நின்றது. அங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்களும் மற்றவர்களும் எடுத்த படங்கள் அப்போதே சுற்றின. முப்படைக்கும் பொதுவான கட்டளைத் தளம் இருக்கும் ஊர் அது. யாருடைய பலூன் என்று அரசு சொல்லவில்லை. மர்ட்டில் பீச்சுக்குப் பிறகுதான் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதைத் தோண்டி எடுத்தன. அது யார் நெட்டில் பேசியது என்று அன்று யாராவது பார்த்திருப்பார்களா? பார்த்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நாளை பொங்கல். எல்லோருக்கும் வாழ்த்து.

17.01.2024

இலங்கை வாசகர் ஒருவர் லூனை நினைவுபடுத்தினார். எப்படி மறந்தேன்! பலூனில் இருந்து கீழே இருப்பவர்களுக்கு நெட் கொடுக்கும் கூகுள் திட்டம். 2013இல் நியூசிலாந்தில் தொடங்கினார்கள். 2016 பிப்ரவரியில் ஒரு சோதனைப் பலூன் தென் அமெரிக்காவில் இருந்து கிளம்பி இலங்கை வானத்துக்குள் நுழைந்தது. சில நாளில் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்தது. தோட்டத்து மக்கள்தான் முதலில் பார்த்தார்கள். அலைக்கற்றை ஒதுக்கீட்டில் சிக்கல் வந்து இலங்கையில் திட்டம் நகரவில்லை. 2017இல் மரியா புயல் அடித்த பிறகு போர்ட்டோ ரிக்கோவில் உதவியது. 2020 ஜூலையில் கென்யாவில் டெல்காம் கென்யாவோடு சேர்ந்து சுமார் 35 பலூன்கள், 50,000 சதுர கிலோமீட்டர். 2021 ஜனவரியில் கடையை மூடி விட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் ஏற்காட்டு வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. கென்யாவில் கையில் இருந்த சாதாரண போன், 20 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த பலூனோடு எல்டிஇயில் பேசியது. அந்தப் போனின் ஆற்றல் கால் வாட் கூட இல்லை. கீழிருந்து மேலே போக முடிந்தால் மேலிருந்து கீழே வரவும் முடியும். லூன் பலூனில் தரமான ஆன்டெனா இருந்தது உண்மை. சீனப் பலூனிலும் ஏராளமான ஆன்டெனா இருந்ததை அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் பக்கத்தில் போய்ப் பார்த்தது.

எனவே 30ஆம் தேதி நான் எழுதியதை யாராவது மேற்கோள் காட்டினால், இந்தப் பதிவையும் சேர்த்துக் காட்டுங்கள்.

21.01.2024

ஞாயிறு. கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

எனக்கு அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. தாம்பரம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா, அதில் ஒரு சின்ன டாங்கிள். வானிலைத் துறை மீனம்பாக்கத்தில் தினமும் காலையிலும் மாலையிலும் விடும் பலூனின் சிக்னலை அதில் கேட்பேன். 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அது பாடிக்கொண்டே ஏறும். 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் வெடிக்கும், பாட்டு இறங்கத் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகி விட்டது. என் மகளுக்கு அது "அப்பா பலூன்".

அந்த மாதிரிப் பொழுதுபோக்குக்காரர்கள் பலர் தாங்கள் கேட்டதை அப்படியே இணையத்தில் ஏற்றுகிறார்கள். அதை எல்லாம் சேர்த்து வரைபடமாகக் காட்டும் தளங்கள் உண்டு. இங்கேதான் விஷயம். பைக்கோ பலூன் என்று ஒன்றை ஹாம்கள், அதாவது என்னைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், விடுவார்கள். விருந்தில் கட்டும் வெள்ளிப் பலூன் அளவு, சில கிராம் கருவி, சூரியத் தகடு, மின்மினிப் பூச்சி மாதிரி ஆற்றல். அது உலகத்தையே சுற்றி வரும். தன் இடத்தை ரேடியோவில் முனகும். எங்கோ ஒரு நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு ரேடியோ அதைக் கேட்டு, அவர் வீட்டு பிராட்பேண்டில் இணையத்தில் ஏற்றும். பலூன் விட்டவர் தன் கணினியில் பார்த்துக்கொள்வார்.

அதாவது வெளிநாட்டுப் பலூன், உள்நாட்டு நெட். யாருக்கும் தெரியாமல் இல்லை, எல்லோருக்கும் தெரிந்து, வருடக்கணக்காக, நட்பின் பேரில். நானே அப்படி ஒரு ஜப்பானியப் பலூனைக் கேட்டு ஏற்றியிருக்கிறேன். அன்று எனக்குக் கிடைத்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இல்லினாய்ஸ் ஹாம் குழு ஒன்றின் பலூன் 2023 பிப்ரவரி 10 அன்று அலாஸ்காக் கரைக்குப் பக்கத்தில் கடைசியாகப் பேசியது. மறுநாள் அது போக வேண்டிய வழியில், கனடாவின் யூகான் பகுதிக்கு மேலே, அடையாளம் தெரியாத ஒரு பொருளைப் போர் விமானம் சுட்டது. அதன் பிறகு அந்தப் பலூன் பேசவே இல்லை. அதுதான் இது என்று யாரும் உறுதி செய்யவில்லை. பலூனின் விலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு. ஏவுகணையின் விலை 4 லட்சம் டாலருக்கு மேல். அந்தக் குழுவினரின் மனது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

22.01.2024

நேற்றையதைப் படித்து விட்டு "அப்படியானால் ஹாம்களைத் தடை செய்யலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம் ஐயா. ஹாம் பலூன் தன் அடையாளக் குறியைச் சொல்லிக்கொண்டே போகிறது, எல்லோரும் கேட்கும் மொழியில். ஒளிய நினைப்பவன் செய்கிற வேலை இல்லை அது. சுனாமி நாட்களில் அந்தமானில் இருந்து வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னது ஹாம்கள்தான். அவர்கள் மேல் கை வைக்க வேண்டாம்.

11.12.2024

கிட்டத்தட்ட பதினொரு மாதம் கழித்து இந்த இழையைத் தூக்குகிறேன். காரணம் அந்தமான். போன மாதம் பாரன் தீவுப் பக்கம் ஒரு மியான்மர் படகைக் கடலோரக் காவல் படை பிடித்தது. 6,000 கிலோ மெத் போதைப்பொருள். படகில் சாட்டிலைட் நெட் எடுக்கும் ஸ்டார்லிங்க் கருவி. இந்தியாவில் அந்தச் சேவைக்கு அப்போது அனுமதியே இல்லை. ஆனால் படகு நடுக்கடலில் வழி பார்க்க அதைத்தான் நம்பியிருக்கிறது. யார் வாங்கினார், எப்போது பயன்படுத்தினார் என்று அந்தமான் போலீஸ் கம்பெனியைக் கேட்கிறது.

பலூன் போய்ப் படகு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் வாங்கக் கூடிய நெட், யாரும் எதிர்பார்க்காத இடத்தில். இந்த முறையும் தடயம் கிடக்கிற இடம் கம்பெனியின் கணக்குப் புத்தகம்தான். 9ஆம் தேதி ஜனவரி பதிவில் சொன்னதை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன்.

03.06.2025

நேற்று முன்தினம் நடந்ததைப் படித்தீர்களா? உக்ரைன் 117 டிரோன்களை லாரிகளில் மறைத்து ரஷ்யாவுக்கு உள்ளேயே கொண்டு போய், விமானப்படைத் தளங்களின் வாசலில் இருந்து பறக்க விட்டிருக்கிறது. இர்குட்ஸ்க் பக்கத்துத் தளம் உக்ரைனில் இருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த டிரோன்கள் பேசியது ரஷ்யாவின் சொந்த மொபைல் நெட்வொர்க்கில்.

என் முதல் பதிவு எவ்வளவு தவறு என்று இனி விளக்கவே வேண்டாம். டவர் யாரையும் கேள்வி கேட்காது. குழந்தைக்குப் பாட்டுக் காட்டும் அம்மாவுக்கும், டிரோன் ஓட்டுபவனுக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுக்கும். பதினோரு வருடம் அந்த வரிசை வேகமாக நகர வேண்டும் என்றுதான் உழைத்தேன். வரிசையில் நிற்பது யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இரண்டு நாளாக அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

04.06.2025

"அப்படியானால் டவரை அணைக்க வேண்டியதுதானே" என்கிறார் ஒருவர். ரஷ்யாவில் அதைத்தான் செய்கிறார்கள். மே மாதத்தில் இருந்து டிரோன் பயம் வந்தால் ஊர் ஊராக மொபைல் நெட்டை நிறுத்துகிறார்கள். கடையில் கார்டு ஓடாது, டாக்ஸி வராது. ஆம்புலன்ஸ்காரருக்கு வரைபடம் தெரியாது. நம் ஊரில் யுபிஐ அரை மணி நேரம் நின்றால் டீக்கடையில் என்ன ஆகும்? டிரோன்காரன் வேறு வழி தேடுவான். டீக்கடைக்காரருக்கு வேறு வழி இல்லை. எனக்கு இது சம்மதம் இல்லை.

02.11.2025

இரண்டு செய்தி.

ஒன்று, ரஷ்யாவில் நுழையும் வெளிநாட்டு சிம்முக்கு அக்டோபரில் இருந்து முதல் 24 மணி நேரம் மொபைல் நெட்டும் எஸ்எம்எஸ்ஸும் கிடையாது. டிரோனில் சிம் வைத்து அனுப்பினால் அது ஊமையாகி விடும் என்ற கணக்கு. முழு ஊரையும் அணைப்பதைவிட இது புத்திசாலித்தனம். ஆனால் உள்ளூர் சிம்மையே வாங்கி வைத்தவனை இது என்ன செய்யும்? ஜூன் மாதத்து டிரோன்கள் எல்லையைத் தாண்டிப் பறக்கவே இல்லையே, உள்ளே இருந்தல்லவா கிளம்பின?

இரண்டு, லிதுவேனியா. பெலாரஸில் இருந்து சிகரெட் கடத்தும் பலூன்கள் வந்து வந்து வில்னியஸ் விமான நிலையத்தை அக்டோபரில் பலமுறை மூட வைத்து விட்டன. கடைசியில் எல்லையையே மூடினார்கள். சிகரெட் கட்டோடு ஒரு இடங்காட்டிக் கருவியும் கட்டி விடுகிறார்கள், எங்கே விழுந்தது என்று கூட்டாளி பார்த்து எடுத்துக்கொள்ள. லாரியில் இருக்கும் அதே ஜிபிஎஸ். பால் நிலையத்து வெப்பமானிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இங்கே ஒரு வேலை செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது, டவர்க்காரனாகச் சொல்கிறேன். தரையில் இருக்கும் கருவிக்கு நாலைந்து டவர் தெரியும். மேலே ஏறிய கருவிக்கு ஐம்பது தெரியும். அதன் பட்டியலே அதைக் காட்டிக் கொடுக்கும். ஏற்காட்டில் எங்கள் லேப்டாப்பில் நிரம்பிய அதே பட்டியல். அந்தப் பட்டியலை நெட்வொர்க் ஏற்கெனவே கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, எந்த டவருக்கு மாற்றி விடலாம் என்று முடிவு செய்ய. அதே கணக்கை இன்னொரு கண்ணோடு பார்த்தால், 13 இலக்க சிம் ஒன்று பட்டப்பகலில் வானத்தில் நிற்பது தெரிந்து விடும். யாருடைய பேச்சையும் ஒட்டுக் கேட்க வேண்டியதில்லை, எந்த ஊரையும் அணைக்க வேண்டியதில்லை. மலையில் நிற்கும் சுற்றுலாக்காரரும் சில சமயம் வலையில் விழுவார், அதைக் கழித்துக்கொள்ளலாம். சாட்டிலைட் கருவிக்கு இது உதவாது. டவர் வழிக்கு உதவும்.

இன்னும் அந்தத் துறையில் இருக்கும் என் பழைய சகாக்கள் இதைப் படித்தால், முடியுமா முடியாதா என்று கீழே எழுதுங்கள். ஏற்காட்டுப் பதிவுக் கோப்புகள் என் பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. வேண்டுமானால் எடுத்துப் பார்த்து உயரத்துக்கு எத்தனை டவர் என்று அட்டவணை போட்டுத் தருகிறேன்.

02.11.2025, இரவு

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். பலூனைத் துரத்திக்கொண்டு மாடிப்படியை விட்டு விட்டேன். போன் செட்டிங்கில் வைஃபை காலிங் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். வீட்டு வைஃபை மாடிப்படி வரை வந்தால் போன் அதிலேயே எடுக்கும். அப்படியும் எடுக்கவில்லை என்றால் எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். பக்கத்து டவரின் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.